வில்லாபுரத்தார் பதில்கள்: அலையன்ஸ் வந்திருக்கு!

உசிலம்பட்டி வாசகி ஒருவர்: என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். "அலையன்ஸ் விஷயமாக ஊருக்குப் போகணும், நாலு நாள் லீவு வேணும்" என்று லண்டனில் இருக்கிற மேலாளருக்கு மெயில் போட்டாளாம். "எந்த நாட்டோடு? யார் மேல் படையெடுக்கப் போகிறீர்கள்?" என்று அவர் கிண்டலாகப் பதில் எழுதியிருக்கிறார். கல்யாணத்துக்கு அலையன்ஸ் என்று சொல்வது நம்ம ஊர்த் தப்பு இங்கிலீஷா?

லீவு கிடைத்ததா இல்லையா என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே அம்மா!

உங்கள் மகள் எழுதியது தப்பில்லை. அலையன்ஸ் என்ற சொல் இங்கிலீஷுக்குள் காலெடுத்து வைத்ததே கல்யாண வீட்டு வழியாகத்தான். 1300-ஐ ஒட்டிப் பிரெஞ்சிலிருந்து அது வந்தபோது, இரண்டு பெரிய குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து உறவாவதுதான் அதன் பொருள். நாட்டுக்கு நாடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்ற பொருள் கொஞ்சம் பிந்தி வந்தது. இன்றைக்கு நேச நாட்டைக் குறிக்கும் 'அலை' என்ற சொல்லும் (கடல் அலை இல்லை, இங்கிலீஷ் அலை) முதலில் உறவுக்காரரைத்தான் குறித்தது. சம்பந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தக்காரர்கள் சேர்ந்து சண்டைக்குப் போனதால் அது போர்க்களச் சொல் ஆயிற்று. அந்த மேலாளருக்கு அவர் பாஷையின் பின்பாதி தெரிந்திருக்கிறது, முன்பாதி தெரியவில்லை.

வேரைப் பார்த்தால் இன்னும் ருசி. லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுவது. அதன் முன்னால் 'அத்' சேர்ந்து 'அல்லிகாரே' ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டுவது. அங்கிருந்து பழைய பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷ். இப்போது நம் ஆட்கள் பேசுவதைக் கேளுங்கள். "பொண்ண எங்கிட்டுக் கட்டிக் குடுத்திருக்கீக?" "சோழவந்தான்ல." "பையன்?" "அவன் அத்த மகளையே கட்டிக்கிட்டான்." தாலியும் கட்டுதான், பெண்ணும் கட்டித்தான் கொடுக்கிறோம், அதற்கப்புறம் ஆயுசுக்கும் மல்லுக்கட்டு. லத்தீன் படிக்காமலே உசிலம்பட்டியில் அதே உருவகத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

சம்பந்தம் என்ற வடசொல்லும் இதே கதை. 'சம்' என்றால் சேர்த்து, 'பந்தம்' என்றால் கட்டு. அந்தப் பந்தத்துக்கும் இங்கிலீஷில் கட்டுவதைச் சொல்லும் 'பைண்ட்' என்பதற்கும் வேர் ஒன்றே. ஆக சம்பந்தி என்பவர் நம்மோடு சேர்த்துக் கட்டப்பட்டவர். அவிழ்த்துக்கொண்டு போக முடியாது என்பது ஒவ்வொரு தீபாவளிக்கும் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் பழைய பொருளை விடவில்லை. பாரிஸில் நகைக்கடைக்குப் போய் 'அலியான்ஸ்' காட்டுங்கள் என்றால் கல்யாண மோதிரத்தை எடுத்து வைப்பார்கள். அந்தஸ்து குறைந்த இடத்தில் செய்துகொண்ட கல்யாணத்துக்கு 'மெஸ்அலியான்ஸ்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதை இங்கிலீஷ்காரர்களும் கடன் வாங்கிக்கொண்டார்கள். நம்மிடம் அதற்கு ஒரு சொல் போதாது, ஒரு பஞ்சாயத்தே வைத்திருக்கிறோம்.

ராஜாக்கள் விஷயத்தில் இரண்டு பொருளும் ஒரே மேடையில்தான். இங்கிலாந்தும் போர்ச்சுகலும் 1386-ல் வின்ட்சரில் உடன்படிக்கை போட்டன. அடுத்த வருஷமே இங்கிலாந்து ராஜ குடும்பத்துப் பெண் பிலிப்பாவைப் போர்ச்சுகல் ராஜா கட்டிக்கொண்டார். அந்த உறவு இன்னும் அறுந்துபோகவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1943-ல் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் படைத்தளம் வேண்டும் என்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அந்தப் பழைய உறவைச் சொல்லித்தான் கேட்டார். நடுவில் 1660-களில் இன்னொரு கல்யாணம். போர்ச்சுகல் இளவரசி கேத்தரினை இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸுக்குக் கொடுத்தார்கள். சீர் என்ன தெரியுமா? ரொக்கம், ஆப்பிரிக்கக் கரையில் டாஞ்சியர், அதோடு நம்ம பம்பாய். நம் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டால் திட்டுகிறோம், அவர் ஊரையே வாங்கிக்கொண்டார். வாங்கியும் அவருக்கு அருமை தெரியவில்லை. 1668-ல் வருஷத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்கு அதைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? சித்திரைத் திருவிழாவில் ஒரு நாள் மீனாட்சி திக்கு விஜயம், மறுநாள் திருக்கல்யாணம். எட்டுத் திக்கையும் ஜெயித்து வந்த அம்மா, கயிலாயத்தில் சிவனுக்கு எதிரே நின்றதும் சண்டை முடிந்து சம்பந்தம் ஆகிவிடுகிறது. திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்து தாரை வார்க்கிறார். மாசி வீதியில் நின்று இரண்டு நாளும் பார்ப்பவர்களுக்கு அலையன்ஸின் இரண்டு பொருளையும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் நாம் கை வைத்திருக்கிறோம், அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய இங்கிலீஷில் அலையன்ஸ் என்பது கல்யாணம் முடிந்தபின் ஏற்படும் உறவு. நாம் அதை முடிவதற்கு முன்னாலேயே ஆக்கிவிட்டோம். "மூணு அலையன்ஸ் வந்துச்சு, ரெண்டு ஜாதகம் சேரல, ஒண்ணு வேலூர்ப் பக்கம், தூரம்னு விட்டுட்டோம்" என்கிறோம். எண்ணிக்கை சொல்லி, தட்டிக்கழித்து, மறுபடி தேடுகிற பொருளாக அலையன்ஸை மாற்றியது இந்தியாக்காரர்கள்தான். லண்டன்காரருக்கு இடித்தது இதுதான். அவருக்கு எழுதும்போது 'மேட்ச்' அல்லது 'ப்ரொபோசல்' என்று போட்டால் புரிந்துகொள்வார். நம்ம ஆட்களுக்கு எழுதும்போது அலையன்ஸே இருக்கட்டும்.

இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1980-களில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடியறையில், செய்தித்தாள்களுக்கு வரி விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் கவுண்டரில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. இங்கிலீஷ் பேப்பருக்கு 'அலையன்ஸ் இன்வைட்டட்' என்று ஆரம்பிக்கும், அதுவே இரண்டு வார்த்தை. திருமங்கலத்திலிருந்து ஒருவர் வருவார், பெரிய பெண்ணுக்குக் கொடுத்த அதே தாளை நடுப் பெண்ணுக்கும் கொண்டுவருவார். வயசை மட்டும் அடித்துத் திருத்தியிருப்பார். "தம்பி, அலையன்ஸ எடுத்துட்டா காசு குறையுமா?" என்பார். "எடுத்துட்டா என்னத்துக்குக் கூப்புடுறீங்கன்னு தெரியாதே அண்ணே" என்பேன். "அந்தப் பக்கத்துல போட்டா தெரியாதா?" என்பார். பேச்சுக்குப் பதில் கிடையாது. காசைக் கொடுத்துவிட்டு, பெட்டி எண் எழுதின ரசீதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு போவார்.

அவருடைய கடைசிப் பெண்ணின் விளம்பரத்தில் நான் ஒரு வேலை செய்துவிட்டேன். டைப் அடித்தது நான், சரிபார்த்ததும் நான், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்தது 'அலவன்ஸ் இன்வைட்டட்'. படித்து, நல்ல வேலையில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து அலவன்ஸ் வரவேற்கப்படுகிறது! திங்கட்கிழமை காலை அவர் பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். திட்டவில்லை. "ஏன் தம்பி, நான் பொண்ணு குடுக்க வந்தேனா, பேட்டா வாங்க வந்தேனா?" என்று மட்டும் கேட்டார். நாற்பது வருஷம் ஆகிறது, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த வாரம் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு இலவசமாகத் திருத்திப் போட்டார்கள். ஆனால் தப்பாக வந்த விளம்பரத்துக்கே அந்தப் பெட்டி எண்ணுக்கு ஒன்பது கடிதம் வந்திருந்தது. ஒருவர்கூட அலவன்ஸைக் கவனிக்கவில்லை. அந்த இடத்தில் அலையன்ஸ்தான் இருக்கும் என்று கண்ணே வாசித்துக்கொண்டு போயிருக்கிறது.

(அலவன்ஸுக்கும் அலையன்ஸுக்கும் வேரில் ஒட்டு உறவு கிடையாது. என் டைப்ரைட்டரில் மட்டும்தான் சம்பந்தம்.)

மேலூர் வாசகர்: டெல்லி அரசியலில் அலையன்ஸ் என்கிறார்கள், கோயலிஷன் என்கிறார்கள். நாம் இரண்டையும் கூட்டணி என்கிறோம். இரண்டும் ஒன்றா?

இல்லை. அலையன்ஸ் கட்டுவது என்றால், கோயலிஷன் சேர்ந்து வளர்வது. லத்தீனில் 'அலேரே' என்றால் ஊட்டி வளர்ப்பது. அதிலிருந்து ஒன்றாக வளர்ந்து ஒட்டிப்போவதற்கு ஒரு சொல், அதிலிருந்து கோயலிஷன். கட்டினால் அவிழ்க்கலாம். ஒட்டி வளர்ந்ததை அறுத்தால்தான் பிரியும், ரத்தம் வரும்.

அரசியலில் வித்தியாசம் இன்னும் எளிது. சீட்டைப் பங்கு போட்டு ஒரே மேடையில் ஓட்டுக் கேட்டால் அலையன்ஸ். ஜெயித்தபின் மந்திரி பதவியையும் பங்கு போட்டால் அது கோயலிஷன் சர்க்கார். 2006-ல் இங்கே நடந்தது நல்ல உதாரணம். 234 இடத்தில் தி.மு.க.வுக்கு 96 தான் கிடைத்தது. கூட்டணியில் இருந்த காங்கிரஸ் 34 இடத்தோடு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது, மந்திரி சபையில் சேரவில்லை. அலையன்ஸ் இருந்தது, கோயலிஷன் இல்லை. டெல்லியில் 1998-ல் வந்த தேசிய ஜனநாயகக் கூட்டணியும் சரி, 2004-ல் வந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணியும் சரி, பேரில் அலையன்ஸ், நடத்தியது கோயலிஷன் சர்க்கார். தமிழில் அந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் கூட்டணி, கூட்டணி ஆட்சி என்று ஒரு சொல்லை ஒட்டவைத்துச் சமாளிக்கிறோம். 'தொகுதி உடன்பாடு மட்டும்தான்' என்று சில தலைவர்கள் சொல்வதை இங்கிலீஷ் பேப்பர்கள் 'சீட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று எழுதும். அது நிச்சயதார்த்தம் வைக்காமல் பூ மட்டும் வைத்துவிட்டுப் போவது.

கூடவே ஒரு கொசுறு. விவாகரத்து ஆனபின் கொடுக்கும் ஜீவனாம்சத்துக்கு இங்கிலீஷில் 'அலிமனி' என்கிறார்களே, அதுவும் அதே 'அலேரே' வேரில் பிறந்தது. கோயலிஷனும் ஜீவனாம்சமும் பங்காளிகள் என்பதை அரசியல்வாதிகளுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அதே வாசகர்: அலையன்ஸ் போட்டுவிட்டுக் கட்சி மாறியவர்கள் சரித்திரத்தில் உண்டா?

மாறாதவர்களைக் கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக முடிந்திருக்கும். 1882-ல் ஜெர்மனி, ஆஸ்திரியா–ஹங்கேரி, இத்தாலி மூவரும் சேர்ந்து முத்தரப்பு அலையன்ஸ் போட்டார்கள். 1914-ல் போர் வந்தபோது இத்தாலி மண்டபத்துக்கே வரவில்லை. 1915 மே மாதம் எதிர்ப்பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்து ஆஸ்திரியா மேலேயே போர் அறிவித்தது.

நம் பக்கம் வேறு மாதிரி. கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி கொண்டுவந்த 'சப்ஸிடியரி அலையன்ஸ்' பள்ளிக்கூடப் பாடத்தில் துணைப்படைத் திட்டம் என்று வரும். 1798-ல் ஹைதராபாத் நிஜாம், 1799-ல் தஞ்சாவூர். ராஜாவுக்குப் பாதுகாப்பாகக் கம்பெனிப் பட்டாளம் வந்து உட்காரும், அதற்குச் சம்பளம் ராஜா கொடுக்க வேண்டும், அரண்மனையில் ரெசிடென்ட் என்று கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் இருப்பார், அவர்களைக் கேட்காமல் யாரோடும் போரும் கூடாது உறவும் கூடாது. காசு கட்ட முடியாவிட்டால் சீமையை எழுதிக் கொடுக்க வேண்டும். பேர் என்னவோ அலையன்ஸ். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் பத்திரத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட கதை.

திருப்பரங்குன்றம் வாசகர்: நான் டயர் கடை வைத்திருக்கிறேன். அலாய் வீலுக்கும் அலையன்ஸுக்கும் சம்பந்தம் உண்டா? பையன் உண்டு என்கிறான்.

பையன் சொல்வது சரி. பரீட்சை வைத்துத் தோற்றுவிட்டீர்கள். அலாயும் அதே 'அல்லிகாரே'தான். ஒரு உலோகத்தோடு இன்னொன்றைக் கட்டிப்போடுவது. உங்கள் வீலில் அலுமினியத்தோடு கொஞ்சம் சிலிக்கன். தெற்காவணி மூல வீதியில் 916 என்று முத்திரை குத்தித் தருகிறார்களே, அதுவும் அலாய்தான். ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், மீதி 84 பங்கில் செம்பும் வெள்ளியும். சுத்தத் தங்கம் விரலால் அமுக்கினால் நெளியும், நகைக்கு நிற்காது. ஆக அலையன்ஸ் முடிந்து கட்டுகிற தாலியே ஒரு அலாய். தட்டான் கடையில் உட்கார்ந்து பொடி வைத்து ஊதும் ஆசாரியிடம் கேட்டுப் பாருங்கள், எந்த அளவுக்கு மேல் செம்பு போனால் கறுக்கும் என்று சொல்வார். சம்பந்தத்திலும் அந்த அளவு ஒன்று உண்டு, அதைச் சொல்ல ஆசாரி கிடையாது.

வாடிப்பட்டி மாணவி: லிகமென்ட், லீக், லயபிலிட்டி எல்லாம் ஒரே குடும்பமா?

ஆமாம், எல்லாம் 'லிகாரே' வீட்டுப் பிள்ளைகள். முழங்காலில் எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட். கிரிக்கெட் வீரர் ஆறு மாதம் உட்கார்ந்துவிட்டார் என்றால் அந்தக் கட்டு அறுந்திருக்கிறது. நம்மைக் கட்டிப்போடுகிற கடன் லயபிலிட்டி. சேர்ந்து கட்டிக்கொண்ட கட்சிகள், ராஜ்ஜியங்கள், கிரிக்கெட் டீம்கள் லீக். பாளையக்காரர் வரலாற்றில் விருப்பாச்சி கோபால நாயக்கர் அமைத்த திண்டுக்கல் கூட்டமைப்பை இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் 'திண்டுக்கல் லீக்' என்றுதான் படிப்பீர்கள். ஆனால் கதைகளில் தூரத்தைச் சொல்ல வரும் லீக் வேறு சொல், வேறு வீடு. குழாயில் ஒழுகும் லீக் மூன்றாவது வீடு.

இன்னொரு பிள்ளை உங்களுக்குப் பிடிக்கும்: ராலி. 'ரீ' என்றால் மறுபடி, கூடவே அந்த அலையன்ஸ் வேர். சிதறின படையை மறுபடி சேர்த்துக் கட்டுவது. தமிழில் அதற்கு என்ன சொல்கிறோம்? பேரணி. அலையன்ஸுக்கு? கூட்டணி. அங்கே இரண்டுக்கும் 'லிகாரே' பொது, இங்கே இரண்டுக்கும் 'அணி' பொது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, தானாக அமைந்திருக்கிறது. அணி என்பது படை வரிசை, அதே அணி நகையும்கூட.

உங்கள் காலேஜில் மேஜரோடு 'அலைடு பேப்பர்' ஒன்று இருக்குமே, அதுவும் இந்த வீட்டுச் சம்பந்தக்காரர்தான். சம்பந்தக்காரரைப் போலவே அதிலும் பாஸ் பண்ணியாக வேண்டும்.

அழகர்கோவில் ரோட்டிலிருந்து ஒரு வாசகர்: எல்லாம் சரி. கல்யாண அலையன்ஸுக்குத் தமிழில் நல்ல சொல்லாக ஒன்று சொல்லுங்களேன்.

எழுத்தில் வேண்டுமானால் 'துணை' இருக்கிறது. குறளில் போருக்குப் புறப்படுமுன் எடைபோட வேண்டிய நான்கு வலிமைகளில் ஒன்று துணைவலி. வீட்டில் இருப்பவர் துணைவி. கல்யாணத்துக்கும் போருக்கும் ஒரே சொல்லை நாமும்தான் வைத்திருக்கிறோம், உசிலம்பட்டி அம்மாவின் லண்டன் மேலாளருக்கு இதையும் சொல்லலாம். வரன் என்பது ஆளைக் குறிக்கும். சம்பந்தம் என்பது முடிந்தபின் வரும் உறவு. இன்னும் முடியாமல், பேச்சில் இருக்கிற அலையன்ஸுக்குச் சரியான சொல் நம் வீடுகளில் ஏற்கெனவே புழங்குகிறது. 'நல்ல இடம் வந்திருக்கு' என்கிறோமே, அந்த இடம். ஆளைச் சொல்லாமல், குடும்பம், ஊர், வயல் வரப்பு, மாமியார் குணம் எல்லாவற்றையும் மூன்று எழுத்தில் அடக்கின சொல்.

ஆனால் வரி விளம்பரத்தில் போடும்போது மட்டும் ஜாக்கிரதை. ஒத்தக்கடையிலிருந்து வந்த ஒரு பாட்டி, பேத்திக்காக "நல்ல இடம் தேவை, உடனே தொடர்பு கொள்ளவும்" என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். பக்கத்து சீட்டுப் பையன் அதை 'வீடு, மனை' பத்தியில் தள்ளிவிட்டான். அந்த வாரம் பாட்டி வீட்டுத் திண்ணையில் நாலு புரோக்கர்கள், கையில் வரைபடத்தோடு.